வாராக் கடனும் வரத் தாழ்ந்த கடனும்

வங்கி என்பது பிறர் பொருளைக் கொண்டு பிறருக்கு உதவி, இடையில் தானும் வாழும் நிறுவனமாகும். அது நூறு ரூபாய் கடன் கொடுக்கும்பொழுது அதில் அதன் சொந்த முதல் ஏறத்தாழப் பத்து ரூபாயே. எஞ்சிய தொண்ணூறும் கள்ளக்குறிச்சிக் கடைவீதி வணிகரும், சின்னசேலத்து ஓய்வுபெற்ற ஆசிரியரும், அயல்நாட்டில் உழைக்கும் மகன் அனுப்பியதைச் சங்கராபுரத்துக் கிளையில் இட்டு வைத்த தாயும் நம்பி ஒப்படைத்த பணம். ஆகவே, கொடுத்தது திரும்பி வருமா என்னும் கவலை வங்கிக்கு இருத்தல் இயல்பு. இருத்தல் கடமையும் ஆகும். அக்கவலையை முறைப்படுத்தி, அளந்து, எல்லைக்குள் நிறுத்தும் கலையையே இன்று இடர் மேலாண்மை என்கின்றனர்.

பொருளியல் துறையார் எழுத வேண்டியதைத் தமிழ்த் துறையார் எழுதப் புகுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். அதற்குக் காரணம் ஒரு கடிதம். சில ஆண்டுகளுக்கு முன், பயன்பாட்டுத் தமிழ் வகுப்பில் அலுவலகக் கடிதம் வரையும் பயிற்சி ஒன்றை அளித்திருந்தோம். வங்கிக் கிளை மேலாளருக்குக் கடன் வேண்டி விண்ணப்பம் எழுதுக என்பது வினா. எல்லாரும் வழக்கமான விண்ணப்பத்தையே எழுதியிருந்தனர். கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து பயின்ற மாணவர் ஒருவர் மட்டும் உண்மையிலேயே நிகழ்ந்ததை எழுதியிருந்தார். மரவள்ளி பயிரிட அவர் தந்தை கேட்ட கடனை ஒரு வங்கி மறுத்துவிட்டதாம். மலைப்பகுதியில் இடர் மிகுதி என்பது வாய்மொழியாகக் கிடைத்த காரணமாம். கடிதத்தின் கடைசி வரி இது: “ஐயா, எங்கள் ஊர் இதுவரை எந்த வங்கிக்கு எவ்வளவு நட்டம் செய்தது என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.” அக்கடிதத்திற்கு மதிப்பெண் இட்டோம், விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சி.

இடரின் வகைகள்

வாங்கியவர் திருப்பித் தராமற் போவது கடன் இடர். வட்டி விகிதமும் பத்திர விலையும் மாறுவதால் நேர்வது சந்தை இடர். சொத்து இருந்தும், கேட்டவருக்குக் கேட்ட நேரத்தில் கொடுக்கக் கையில் பணம் இல்லாமை நீர்மை இடர். ஊழியர் பிழை, ஏமாற்று, கருவிக் கோளாறு ஆகியவற்றால் வருவது செயற்பாட்டு இடர். பின்னவை மூன்றும் அரிதாக வந்தாலும் விரைந்து தாக்கும். அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் இரண்டே நாள்களில் வீழ்ந்தது. வட்டி ஏறியதால் அதன் கையிருப்புப் பத்திரங்கள் விலை இழந்தன. செய்தி பரவியதும் வைப்பாளர் திரண்டனர். நம் கும்பகோணத்துச் சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் பன்னாட்டுப் பணமாற்றுச் செய்தி அமைப்பின் வழியே ஏறத்தாழ இருபது இலட்சம் டாலர் அளவிற்கு மோசடி மாற்றங்கள் நடந்தன. 1904-இல் தோன்றிய அவ்வங்கி அதைத் தாங்கிக்கொண்டது.

ஆயினும் இந்திய வணிக வங்கிகளைக் கீழே தள்ளியது பெரும்பாலும் கடன் இடரே. ஆதலின் அதனையே விரித்து நோக்குவோம்.

நூறு கோடிக் கணக்கு

ஒரு வங்கி நூறு கோடி ரூபாயைப் பத்து விழுக்காட்டு வட்டிக்குக் கொடுத்திருப்பதாகக் கொள்வோம். ஆண்டு வருவாய் பத்துக் கோடி. வைப்பாளருக்கு வட்டியாக ஆறு கோடியும், ஊழியர் ஊதியம், கட்டட வாடகை முதலியவற்றுக்கு இரண்டரைக் கோடியும் போக, மிச்சம் ஒன்றரைக் கோடி. நூற்றுக்கு ஒன்றரை என்பது எளிய ஈட்டமன்று. நன்றாக நடக்கும் வங்கிகள் பலவும் நூற்றுக்கு ஒன்று கிடைத்தாலே நிறைவடைகின்றன.

இவ்வங்கி கொடுத்த கடன்களுள் ஐந்து கோடிக் கடன் ஒன்று நின்றுபோயிற்று. முதலில் வட்டி வராது. ஐம்பது இலட்சம் குறைந்தது. பின், அக்கடன் தரம் குறைந்ததாக வகைப்படுத்தப்பட்டவுடன், ஈடு உள்ள கடனாயினும் நூற்றுக்குப் பதினைந்து வீதம் இலாபத்திலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது எழுபத்தைந்து இலட்சம். ஒன்றரைக் கோடி இலாபம் இருபத்தைந்து இலட்சமாகச் சுருங்கிவிட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒதுக்கீடு இருபத்தைந்து, நாற்பது, நூறு விழுக்காடு என ஏறும். முழுவதும் போனால் மூன்றாண்டு உழைப்பிற்கு மேற்பட்ட ஈட்டம் அந்த ஒரு கையெழுத்தில் கரைந்தது என்று பொருள். இத்தகைய கடன்கள் இரண்டு இருப்பின் வங்கியின் சொந்த முதலே தீர்ந்துவிடும். அதன்பின் அழிவது வைப்பாளர் பணம்.

அதே ஐந்து கோடியை ஐந்நூறு பேருக்கு ஓர் இலட்சம் வீதம் கொடுத்திருந்தால், அவர்களுள் இருபத்தைந்து பேர் தவறினாலும் போவது இருபத்தைந்து இலட்சமே. சிதறிய இடர் சிறிய இடர் என்னும் இவ்வுண்மையை நம் ஊர் வட்டிக்கடைக்காரரும் அறிவார். ஆயினும் இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஐந்நூறு பேரும் ஒரே நாளில் தவறும் நிலை அது. கரும்பைப் பற்றிப் பேசும்பொழுது அதனைக் காண்போம்.

ஈண்டு நோக்கத்தக்கது மற்றொன்று. கடன் கொடுத்த ஆண்டில் இலாபம் தெரியும். இடர் தெரிவது மூன்றாம், நான்காம் ஆண்டில். ஆகவே, கண்மூடிக் கொடுக்கும் வங்கி தொடக்கத்தில் மிகச் சிறந்த வங்கியாகத் தோன்றும். ஓராண்டு இலாபத்தை வைத்து வங்கியின் திறத்தை அளப்பவர் ஏமாறுவது இதனாலேயே.

ஓர் உடைவில் பிறந்த வங்கி

கள்ளக்குறிச்சிப் பகுதி மக்களுக்கு மிகவும் பழகிய பெயர் இந்தியன் வங்கி. அது பிறந்ததே ஓர் உடைவினால். சென்னையில் பெரும்புகழோடு விளங்கிய ஆங்கிலேயரின் அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் நொடித்தது. உள்ளூர்ச் செல்வரும் ஓய்வூதியரும் தம் சேமிப்பை இழந்தனர். வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று நமக்கென ஒரு வங்கி வேண்டும் என்று தொடங்கியதே இந்தியன் வங்கி. 1907 ஆகஸ்டு 15 அன்று அது கதவு திறந்தது. 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையாக்கப்பட்ட பதினான்கு வங்கிகளுள் ஒன்றாயிற்று.

பிறரது உடைவிலிருந்து பாடம் கற்றுப் பிறந்த அவ்வங்கியே தொண்ணூறாம் ஆண்டு விழாவை நெருங்கிய வேளையில் தானும் தள்ளாடியது. 1995-96-ஆம் ஆண்டில் அதன் நட்டம் 1,336 கோடி ரூபாய். கொடுத்த கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாராக் கடனாகக் கிடந்தது. 2000-01 வரை ஆண்டுதோறும் நட்டமே. 1999-இல் வர்மா குழு நலிந்த வங்கிகள் என்று சுட்டிய மூன்றனுள் இதுவும் ஒன்று.

இந்நோய் திடீரென வந்ததன்று, திடீரெனத் தெரிந்தது. 1992-க்கு முன், வாராத வட்டியையும் வந்ததாக எழுதி வருவாயில் சேர்க்க இடம் இருந்தது. மேற்கூறிய நூறு கோடிக் கணக்கில், ஐந்து கோடி நின்றுபோன பின்னும் ஒன்றரைக் கோடி இலாபம் என்றே ஐந்தொகை காட்டும். 1991-இல் நரசிம்மம் குழு அறிக்கை அளித்தது. 1992-இல் ரிசர்வ் வங்கி வருவாய் ஏற்பு, கடன் வகைப்பாடு, ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு விதி வகுத்தது. கையில் வந்தால்தான் வருவாய் என்றாயிற்று. திரை விலகவே, நாட்டுடைமை வங்கிகள் பல நட்டக் கணக்கோடு நின்றன.

அந்நட்டத்தைச் செய்தவர் யாவர்? மாணவரின் வினாவிற்கு இங்குதான் முதல் விடை கிடைக்கிறது. இந்தியன் வங்கி தொடர்பில் பின்னாளில் மத்தியப் புலனாய்வுத் துறை தொடுத்த வழக்குகள் பெரிய நிறுவனங்களுக்கு, உரிய ஆய்வின்றி, மேலிடத்து ஒப்புதலால் சென்ற கடன்களைப் பற்றியவை. மரவள்ளிக்கும் கறவை மாட்டுக்கும் கொடுத்தவற்றால் அவ்வளவு பெரிய பள்ளம் விழவில்லை.

வங்கி மீண்டது வேறு கதை. 2000-இல் தலைமை ஏற்ற இரஞ்சனா குமார் மூன்றாண்டுத் திட்டம் வகுத்து, நட்டக் கிளைகளைச் சீர்செய்து, கடன் மீட்பை முடுக்கினார். அரசு முதல் அளித்தது. வட்டி விகிதம் வீழ்ந்த காலமாதலால் அரசுப் பத்திரங்களின் விலை ஏறி அதுவும் துணைநின்றது. இதனை மறைத்துப் புகழ்வது முறையன்று. 2001-02-இல் 33 கோடி இலாபம் வந்தது. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கியையே தன்னுள் இணைத்துக்கொள்ளும் அளவிற்கு அது வளர்ந்தது.

எல்லா வங்கிக்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. 1926-இல் கரூரில் பிறந்த இலட்சுமி விலாஸ் வங்கி சிறு வணிகரையும் சிறு தொழிலாளரையும் அறிந்து கொடுத்தே வளர்ந்தது. பிற்காலத்தில் பெருநிறுவனக் கடனில் இறங்கியது. தான் அறியாத தொழிலுக்கு, தான் அறியாத ஊரில், தன் அளவிற்கு மீறிய தொகை. இம்மூன்றும் சேர்ந்தால் விளைவு கூற வேண்டியதில்லை. 2017-18 தொடங்கி மூன்றாண்டுகள் பெருநட்டம். 2020 மார்ச்சில் கடனில் நான்கில் ஒரு பங்கு வாராக் கடன். அவ்வாண்டு நவம்பர் 17 அன்று, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்று தடை வந்தது. பத்து நாள்களில் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தோடு அது இணைக்கப்பட்டது. வைப்பாளர் தப்பினர், பங்கு வைத்திருந்தோரின் முதல் முற்றாக அழிந்தது. அவர்களுள் பலர் கரூர், திருச்சிப் பகுதிகளின் நடுத்தரக் குடும்பத்தினர்.

சொல்லில் உள்ள சிக்கல்

இவ்விடத்தில் தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறோம். வாராக் கடன் என்னும் தொடரில் வாரா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வாராத கடன் என விரியும். அது வரவே வராத கடன் என்ற பொருளைத் தருகிறது. ஆனால் வங்கி விதி கூறுவது அதனை அன்று. தவணை கடந்து தொண்ணூறு நாள் ஆனால் அக்கடன் செயல்படாச் சொத்து என்பதே விதி; 2004 மார்ச்சிலிருந்து இவ்வெல்லை நடைமுறையில் உள்ளது. பயிர்க் கடனாயின் நாள் கணக்கன்று, பருவக் கணக்கு: குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவமும் நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவமும் கடக்க வேண்டும். அதாவது, தாழ்ந்து வரும் கடனும் அதில் உண்டு. என்றும் வாராத கடனும் அதில் உண்டு. நாளிதழ்த் தமிழ் இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டது.

தள்ளுபடி என்னும் சொல்லும் அவ்வாறே குழப்புகிறது. அரசு உழவரின் கடனை நீக்குவதும் தள்ளுபடி. வங்கி ஒதுக்கீடு முழுவதும் செய்து முடித்த பெருங்கடனைக் கணக்கேட்டிலிருந்து நகர்த்தி வைப்பதும் தள்ளுபடி. முன்னதில் கடனாளிக்குக் கடன் இல்லை. பின்னதில் கடன் இருக்கிறது. வசூலிக்கும் உரிமையும் வழக்கும் இருக்கின்றன. ஐந்தொகை மட்டும் தூய்மையாகத் தெரிகிறது. நாட்டின் வணிக வங்கிகளில் வாராக் கடன் விகிதம் 2018 மார்ச்சில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் இருந்து 2024 மார்ச்சில் 2.8 ஆகக் குறைந்தது என்பது பெருமைக்குரிய செய்தியே. அக்குறைவில் மீட்பு எவ்வளவு, ஏட்டிலிருந்து நகர்த்தியது எவ்வளவு என்று பிரித்துக் கேட்கத் தெரிந்தவனே அதனைச் சரியாகப் படித்தவனாவான். பின்னதற்கு நீக்கிவைப்பு என்று வேறு சொல் வழங்கின் நலம்.

தாழ்ந்தது வேறு, அழிந்தது வேறு என்ற வேறுபாட்டிலேயே இடர் மேலாண்மையின் உயிர் இருக்கிறது என்பது நம் கருத்து. இதனை வேறுபடுத்தத் தெரியாத வங்கி, அழியும் கடனுக்குக் காலம் நீட்டும். தாழும் கடனுக்குக் கதவடைக்கும்.

கரும்பு கற்பிப்பது

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்பு முதன்மைப் பயிர்களுள் ஒன்று. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்புக் கடன் வங்கிக்கு மிகவும் விருப்பமானது. ஆலையில் பதிந்த கரும்பு. ஆலையே கிரயத்திலிருந்து கடனைப் பிடித்து வங்கிக்குச் செலுத்தும். உழவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஐந்நூறு உழவர்க்கு ஐந்நூறு கடன். சிதறிய இடர் என்று ஏடு காட்டும்.

உண்மை வேறு. அவ்வைந்நூறு கடனும் ஒரே வாயிலின் வழியே திரும்பி வருபவை. ஆலை பணம் நிறுத்தினால் ஐந்நூறும் ஒரே நாளில் நிற்கும். 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை பதினான்கு நாள்களுக்குள் கிரயம் தர வேண்டும் என்கிறது; தவறினால் நூற்றுக்குப் பதினைந்து வட்டியும் தர வேண்டும் என்கிறது. தமிழகத்துக் கரும்பு உழவர் நிலுவை கேட்டு நடத்திய போராட்டங்கள் அவ்வாணையின் வலிமையைக் காட்டும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்தபின் தமிழகச் சர்க்கரை உற்பத்தி, 2011-12-இல் இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. தனியார் ஆலைகள் சில கடன்தீர்வு நடவடிக்கைக்குள் சென்றன. கரும்பு வெட்டிக் கொடுத்த உழவர், பணம் வாராமலே வங்கி ஏட்டில் தவறியவராக நின்றார்.

இங்குப் பிழை உழவருடையதா? அவர் விளைத்தார்; கொடுத்தார். இடர் இருந்த இடம் ஆலையின் ஐந்தொகை. வங்கி ஆய்ந்தது உழவரின் சிட்டாவை. ஐந்நூறு பேரின் ஆவணங்களை நுணுகி நோக்கிய வங்கி, ஆலையின் ஓர் ஆவணத்தை நோக்கியிருந்தால் போதும் என்ற நிலை. வெள்ளமும் இத்தகையதே. 2024 நவம்பர் இறுதியில் கரையேறிய ஃபெஞ்சல் புயலின் மழையில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களின் வயல்கள் ஒருசேர மூழ்கின. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் நனையும்பொழுது சிதறிய இடர் என்பது பொருளற்ற சொல்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பயிர்ச் சேதம் நூற்றுக்கு 33-க்கு மேற்படின் கடன் தவணையை மாற்றியமைக்கலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் ஐந்தாண்டு வரை நீட்டலாம். அவ்வாறு நீட்டியது வாராக் கடன் ஆகாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. 2016 முதல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. கடன் பெற்றவர் கட்டாயம் சேர வேண்டும் என்ற விதி 2020-இல் தளர்ந்தது. விருப்பம் என்றானபின், காப்பீட்டின் பயனை உழவருக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு கிளைக்கு இரட்டிப்பாயிற்று.

மலையின் இடர்

இனி மலைக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன், சேலம் மாவட்டத்தின் பக்கமும் கள்ளக்குறிச்சியின் பக்கமும் பரந்தது. வெள்ளிமலை இப்பக்கத்தின் தலைமையிடம். வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். சாமை, தினை, மக்காச்சோளம், மரவள்ளி ஆகியன பயிர்கள். கடுக்காய், தேன், புளி ஆகியன காட்டு விளைவுகள்.

வங்கியாளர் பக்கமும் நியாயம் உண்டு. வேளாண் கடனில் வாராக் கடன் விகிதம் பிற துறைகளை விட மிகுதி என்று ரிசர்வ் வங்கியின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைகளும் கூறின. 1990, 2008 ஆகிய ஆண்டுகளின் நாடளாவிய தள்ளுபடிகளும், தமிழகத்தில் 2006, 2021 ஆகிய ஆண்டுகளின் கூட்டுறவுக் கடன் தள்ளுபடிகளும் துயர் துடைத்தன என்பது உண்மை. 2021-இல் மட்டும் 12,110 கோடி. அடுத்த தேர்தலில் நீங்கும் கடனை இன்று ஏன் கட்ட வேண்டும் என்னும் எண்ணத்தை அவை சிலரிடம் விதைத்தன என்பதும் உண்மை. ஒழுங்காகக் கட்டியவரே அறிவிலி ஆனார் என்ற மனக்குறையை ஊர்தோறும் கேட்கலாம். ஆனால் இது சமவெளிக்கும் மலைக்கும் பொது. மலைக்கு மட்டும் கதவடைக்க இது காரணமாகாது.

மலையின் சிறப்பான இடர் எது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அது உழவரின் நேர்மையில் இல்லை என்பது புலனாகும். முதலாவது, பட்டா. கல்வராயனில் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகை நடந்தது. நிலப் பதிவு அங்குப் பிந்தியே வந்தது. வன உரிமைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டும், தமிழகத்தில் வழக்கால் தடைப்பட்டு, 2016-க்குப் பிறகே உரிமைப் பட்டயம் வழங்க வழி பிறந்தது. பாட்டன் உழுத நிலத்தைப் பேரன் உழுதாலும் காட்டத் தாள் இல்லை. தாள் இல்லாமையை வங்கி இடர் என்று பதிந்தது. அத்தாளைக் கொடாதவர் எவரோ. 2025 ஜனவரி முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை வேளாண் கடனுக்கு ஈடு கேட்கலாகாது என்பது விதி. ஆயினும் பயிர் செய்கிறார் என்பதற்கு அடங்கல் வேண்டும். அடங்கலுக்கு மீண்டும் நிலப் பதிவு வேண்டும்.

அடுத்தது சந்தை. மரவள்ளி மண்ணுக்குள் ஒன்பது, பத்து மாதம் இருக்கும் பயிர். வாங்குவோர் ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி, மாவு ஆலையினர். கிழங்கில் உள்ள மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து விலை வைப்பர். அளக்கும் கருவி வாங்குபவர் கையில். 1981-இல் சேலத்தில் அமைந்த சேகோசர்வ் கூட்டுறவு, ஆலையினரின் சரக்கை விற்றுத் தருவது. மலை உழவருக்கு அது நேர்த்துணை அன்று. பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளில் கெடத் தொடங்கும்; ஆகவே பேரம் பேசிக் காத்திருக்க வழியில்லை. 2008-க்குப் பின் பப்பாளி மாவுப்பூச்சியும், 2020 முதல் மரவள்ளி மாவுப்பூச்சியும் தாக்கின. அவற்றை உண்ணும் ஒட்டுண்ணிக் குளவிகளை வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து விட்டே கட்டுப்படுத்த நேர்ந்தது.

பட்டா, பாதை, பாயிண்ட், பூச்சி என இவ்விடர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. பெயர் உள்ள இடருக்கு மருந்தும் உண்டு. மலை என்று மொத்தமாகச் சொல்லும்பொழுது மட்டும் மருந்தில்லை. பெருங்கடனின் இடரோ மறைத்து வைக்கப்பட்டது. தணிக்கை செய்த கணக்குகளுக்கும் பளபளக்கும் திட்ட அறிக்கைகளுக்கும் பின்னால் அது இருந்தது. 2018 மார்ச்சில் தொழில் துறைக் கடனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாராக் கடனாக இருந்தது என்பதை எண்ணினால், தாள் மிகுந்த இடத்தில் இடர் குறைவு என்ற நம்பிக்கை எவ்வளவு பொய் என்பது விளங்கும்.

பெருநட்டத்திற்குப் பின் வரும் அச்சம் எப்பொழுதும் கீழ்நோக்கியே பாய்கிறது என்பது வருந்தத்தக்கது. மேலிடத்தில் செய்த பிழைக்குக் கிளை மேலாளரின் கை கட்டப்படும். தொண்ணூறுகளின் அடிக்குப்பின் நம் வங்கிகள் கடன் கொடுக்கவே தயங்கின. சட்டம் கேட்டது நூற்றுக்கு 25. அரசுப் பத்திரங்களில் அவை முடக்கியதோ 2004-இல் ஏறத்தாழ 40. ரிசர்வ் வங்கியின் அந்நாளைய துணை ஆளுநர் இராகேஷ் மோகன் இதனைச் சோம்பல் வங்கித் தொழில் என்று கூறினார். கொடாமல் இருப்பதும் ஓர் இலாபம் தரும். அவ்விலாபத்தை இடர் மேலாண்மையின் வெற்றி என்று நாம் கொண்டாட இயலாது.

அறிந்து கொடுத்த காலம்

இம்மலையைச் சுற்றியே வேறொரு முறையும் நடந்து காட்டப்பட்டுள்ளது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989-இல் தருமபுரியில் தொடங்கியது. 1991-92-இல் சேலத்திற்கும் அன்றைய தென்னார்க்காட்டிற்கும் விரிந்தது. கல்வராயனின் இருபுறமும் அவ்விரு மாவட்டங்களே. கடன் வழங்கிய வங்கி இந்தியன் வங்கி. தன் பெருங்கடன்களால் நட்டத்தை நோக்கிச் சென்ற அதே ஆண்டுகளில், அதே வங்கி, ஈடு இல்லாத மகளிர்க்குக் குழுவின் சொல்லை நம்பிச் சிறு தொகைகளைக் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தது! ஒரே நிறுவனத்தின் இரு கைகள் இரு வேறு பாடங்களை எழுதின.

குழுவில் நடந்தது மாயமன்று. யார் குடிக்கிறார், யார் மாட்டை விற்றார், யார் மகளுக்குத் திருமணம் வைத்திருக்கிறார் என்பதை மேலாளர் அறியார், குழுவினர் அறிவர். அவ்வறிவே அங்கு ஈடாக நின்றது. அவ்வறிவு நீங்கினால் குழுவும் பயன்படாது. இலக்கை எட்டும் விரைவில் ஒரே பெண்ணுக்கு நான்கு நிறுவனங்கள் கொடுத்ததன் விளைவை 2010-இல் ஆந்திரம் கண்டது. வசூல் கொடுமையைத் தடுக்கத் தமிழகமும் 2025-இல் சட்டம் இயற்ற நேர்ந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டபின், கல்வராயன் மக்களின் வாழ்வு நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி ஆகியன அங்குப் பேசப்பட்டன. கடன் வசதியையும் அவ்வரிசையில் வைத்தே நோக்க வேண்டும் என்போம்.

அம்மாணவரின் தந்தை அவ்வாண்டு ஆத்தூர் வணிகர் ஒருவரிடம் முன்பணம் பெற்றே மரவள்ளி நட்டார். கிழங்கு பிடுங்கியபொழுது வணிகர் சொன்ன பாயிண்டுக்கு, வணிகர் சொன்ன விலைக்குக் கொடுத்தார். முன்பணம் வட்டியோடு ஒரு நாளும் தாழாமல் அடைந்தது. எந்த வங்கியின் ஏட்டிலும் அது பதிவாகவில்லை.